டி-ஷர்ட்டை வைத்து எடை போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட் போட்டவரைக் கண்டாலே 'பந்தா பேர்வழி' என்று முத்திரை குத்திவிடுகிறோம். 1984இல் ஆடை வடிவமைப்பாளர் கேத்தரின் ஹாம்னெட், அணு ஏவுகணைக்கு எதிரான வாசகம் கொண்ட டி-ஷர்ட்டோடுதான் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரிடம் கைகுலுக்கினார். அதையும் வெறும் ஃபேஷன் என்று ஒதுக்கிவிட முடியுமா? வாசகம் பிடிக்காவிட்டால் அதோடு வாதாடலாம். போட்டிருப்பவரின் குணத்தை அதை வைத்து அளப்பது அநியாயம்.

நானும் அந்தத் தவறைச் செய்தவன். ரத்ததான முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த இளைஞரின் மார்பில், 'என்னை எழுப்பாதே' என்று கொட்டை எழுத்து. துவைத்துத் துவைத்து 'எ' பாதி உரிந்திருந்தது. பொறுப்பில்லாத பிள்ளை என்று நினைத்தேன். அவர் ரத்தம் கொடுப்பது அது 11ஆவது முறை என்றார் செவிலியர். எனக்கோ அதுதான் முதல் முறை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்