பாப்பாவின் ஊசி புக்

அன்புள்ள காயத்ரி,

பள்ளியில் பாப்பாவின் தடுப்பூசிப் பதிவு கேட்கிறார்கள், போனில் இருக்கிற பழைய போட்டோவையே அனுப்பிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அதில் பக்கத்தின் ஓரம் மடிந்திருக்கிறது. பதினான்காவது வாரத்து ஊசியின் தேதி அந்த மடிப்புக்குள் போய்விட்டது. தேதி தெரியாத ஊசியை அமெரிக்காவில் போடாத ஊசியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். "எல்லாம் போட்டாச்சு" என்று நீ எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் எடுபடாது.

பாப்பாவுக்கு இரண்டு பதிவு உண்டு. கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த தாய் சேய் அட்டை ஒன்று, குழந்தைகள் டாக்டரிடம் வாங்கிய ஊசி புக் ஒன்று. பிறந்தவுடன் போட்டதும் ஆறாவது வாரத்து ஊசியும் அட்டையில் இருக்கின்றன, மிச்சமெல்லாம் புக்கில். இரண்டும் இங்கே பீரோவில்தான் இருக்கின்றன. 300 டி.பி.ஐ.யில் கலர் ஸ்கேன் எடுத்து ஒரே பி.டி.எஃப். ஆக மெயிலில் அனுப்புகிறேன். டாக்டரின் ஊதா முத்திரை பல இடங்களில் தேதியின் மேலேயே விழுந்திருக்கிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் 1 எது, 7 எது என்று தெரியாது.

புக்கில் ஒவ்வொரு ஊசிக்கும் இரண்டு தேதிக் கட்டம் இருக்கும்: போட வேண்டிய தேதி, போட்ட தேதி. படிவம் நிரப்புகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதல் கட்டத்தில் மட்டும் தேதி இருந்து, பக்கத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரோ கையெழுத்தோ இல்லையென்றால் அதைப் போட்ட ஊசியாக எழுதாதே.

அடுத்து, ஊசியின் பெயர். ஆறாவது வாரம் அரசு நிலையத்தில் போட்டது பென்டாவேலன்ட். பிறகு தனியாரில் போட்டது பென்டாக்சிம். இரண்டுமே ஐந்து நோய்க்கான ஒரே ஊசி என்பதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவார்கள். முதலாவதில் ஹெபடைடிஸ் பி என்கிற கல்லீரல் நோய்க்கு மருந்து உண்டு, போலியோவுக்கு இல்லை. இரண்டாவதில் போலியோ உண்டு, ஹெபடைடிஸ் பி இல்லை. அதனால்தான் ஹெபடைடிஸ் பி-யைத் தனியாகப் போட்டு வேறு பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் காட்டு. அப்படியும் ஒரு ஊசி கூடுதலாகக் கேட்கலாம். அங்கே ஹெபடைடிஸ் பி-யின் கடைசி ஊசி 24 வாரம் நிறைந்த பிறகு போட்டதாக இருக்க வேண்டும். நம் அட்டவணை 14 வாரத்திலேயே முடிந்துவிடுகிறது.

தட்டம்மையிலும் இதே கதைதான். ஒன்பதாவது மாதம் போட்டதை அங்கே கணக்கில் சேர்க்க மாட்டார்கள். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதுதான் செல்லும். அதற்காக இங்கே தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்காதே. தட்டம்மை சுற்றிக்கொண்டிருக்கிற ஊரில் ஒரு வயதுவரை காத்திருக்க முடியாது. ஆனால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குழந்தையின் உடம்பில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது ஊசி முழுதாகப் பிடிக்காமல் போகலாம். தவிர, அரசு நிலையத்து எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான், பொன்னுக்குவீங்கிக்கு மருந்து இல்லை. மூன்றுக்கும் சேர்ந்தது எம்.எம்.ஆர். புக்கில் எம்.எம்.ஆர். என்று இருக்கிறதா, எம்.ஆர். என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார். சின்னம்மை ஊசியும் எம்.எம்.ஆரும் ஒரே நாளில் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் 28 நாளாவது இடைவெளி வேண்டும். குறைந்தால் இரண்டாவதைத் திரும்பப் போடச் சொல்வார்கள்.

போலியோ சொட்டு மருந்தும் அங்கே செல்லாது. போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு. 2016 ஏப்ரலில் உலகம் முழுக்க சொட்டு மருந்திலிருந்து டைப் 2 வைரஸை நீக்கிவிட்டு, மற்ற இரண்டு வகைக்கு மட்டுமான சொட்டு மருந்துக்கு மாறினார்கள். அங்கே கேட்பது மூன்று வகைக்கும் பாதுகாப்பு. அதனால் ஊசியாகப் போட்ட போலியோவை மட்டும் எண்ணு.

தேதியை எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுது. 05/08/2022 என்றால் நமக்கு ஆகஸ்ட் 5, அவர்களுக்கு மே 8. இப்படி மூன்று மாதம் முன்னே போனால் சரியாகப் போட்ட ஊசிகூட இடைவெளி குறைந்ததாகத் தெரியும், குழந்தைக்கு வீணாக இன்னொரு குத்து.

இடது தோளில் பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருப்பதையும் சொல்லிவிடு. காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் பி.சி.ஜி.யால் வீக்கம் காட்டலாம். ஐ.ஜி.ஆர்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. அதைச் செய்ய முடியுமா என்று கேள்.

அட்டையில் இன்னும் "பேபி ஆஃப் காயத்ரி" என்றுதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருக்கும்போது இது யாருடைய அட்டை என்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் நகலோடு போய்ப் பெயரை எழுதி முத்திரை வாங்கிவிடுகிறேன். புதன்கிழமை ஊசி நாள், கூட்டம் நெரியும், வியாழக்கிழமை போகிறேன். டாக்டரிடமும் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் டைப் செய்த சான்று கேட்கிறேன்: பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பிறந்த தேதி, ஒவ்வொரு ஊசியிலும் என்னென்ன மருந்து, தேதி, பேட்ச் நம்பர், அவருடைய பதிவு எண், கையெழுத்து. தேதி கிடைக்காத ஊசி இருந்தால் அவருடைய ரிஜிஸ்தரில் தேடச் சொல்கிறேன். அங்கும் இல்லையென்றால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும், யூகத்தில் எழுத வேண்டாம். ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் பார்ப்பதா, திரும்பப் போடுவதா என்று அங்கே டாக்டர் சொல்வார்.

பள்ளிக்கு ஊசிப் பக்கங்களை மட்டும் கொடு. தாய் சேய் அட்டையின் முன்பக்கங்களில் உன் கர்ப்பகாலப் பரிசோதனை விவரம் இருக்கிறது, அது அவர்களுக்குத் தேவையில்லை. குடும்ப குரூப்பிலும் போடாதே. ஒரிஜினலைத் தெரிந்தவர் யாராவது வரும்போது கைப்பையில் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் லேமினேட் செய்துவிடாதே, பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடுகிற ஊசிகளை அதில் எழுத வேண்டும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், மை அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காகித உறை போதும்.

பள்ளி கொடுத்த படிவத்தின் எல்லாப் பக்கத்தையும் எனக்கு அனுப்பு. எந்தக் கட்டத்தில் எந்தத் தேதி வரும் என்று பென்சிலில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா