டேங்கின் வலது பக்கம்

திருச்சி,
கார்த்திகை 8

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

புல்லட்டிலிருந்து டேங்கைக் கழற்றி மூன்று மாதம் ஆகிறது. நான் எக்ஸ்.எல். மொபெட்டில் மார்க்கெட் போய் வருவதைப் பார்த்துவிட்டு, வண்டியை விற்றாயிற்றா என்று அம்மாவிடம் தெருவில் கேட்கிறார்களாம். ஒரு டேங்குக்குப் பெயின்ட் அடிக்க மூன்று மாதமா என்று நீயும் கேட்பாய்.

முதல் தடவை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடித்து முடித்தவன்தான் நான். 1998. உனக்கு அப்போது நாலு வயது. கடையில் ஸ்பிரே டப்பா இரண்டு வாங்கி, மொட்டை மாடியில் வைத்து அடித்தேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. மறுநாள் பங்கில் பையன் மூடி வரைக்கும் பெட்ரோலை நிரப்பினான். வழிந்த இடமெல்லாம் பெயின்ட் வெந்த பால் ஆடை மாதிரி சுருங்கிப் போனது. அந்தச் சுருக்கத்தோடுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன். அந்த மாதிரி டப்பா பெயின்ட் பெட்ரோலைத் தாங்காது, மேலே கிளியர் என்கிற நிறமில்லாத மேல்பூச்சு, அதுவும் இறுக வைக்கும் ஹார்டனர் கலந்தது வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

இந்தத் தடவை நிதானமாக ஆரம்பித்தேன். பெட்ரோலை வடித்து, பெட்ரோல் திறந்து மூடும் குழாயைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு நாலு தரம் அலசி, வாயைத் திறந்து வெயிலில் போட்டேன். பழைய பெயின்டைத் தகடு தெரியும் வரை சுரண்டி, பள்ளங்களுக்குப் பட்டி பார்த்தேன். நீ பள்ளிக்கூடம் போகும்போது டிபன் பாக்ஸால் இடித்த பள்ளமும் அதில் ஒன்று. அதை அப்படியே விட்டுவிடலாம் என்றாள் அம்மா. பள்ளம் பள்ளம்தானே, நிரவிவிட்டேன்.

சர்பேசர் என்கிற அடிப்பூச்சை அடித்து, டேங்க் சாம்பல் நிறத்தில் நின்றபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா டேங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டத் தயாராக நிற்கிறாள். ஒரு மாதமாகக் காய்ந்த டேங்க்தான். ஆனாலும் தூரத் தள்ளி வைத்தேன். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் மோசம். உள்ளே மிச்சம் இருக்கும் ஆவியும் காற்றும் கலந்து கிடந்தால் ஒரு பொறி போதும். சூடத்திலிருந்து தப்பியது, குங்குமத்திலிருந்து தப்பவில்லை. சர்பேசர் பஞ்சு மாதிரி உறிஞ்சும். நாலு பொட்டும் உள்ளே ஊறிவிட்டது. தேய்த்து எடுக்க ஒரு நாள் போனது. உன் அம்மாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

நீ சிவப்பு அடிக்கச் சொன்னாய். ஆர்.சி.யில் கருப்பு என்று இருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டும். கருப்பேதான்.

கருப்பு அடித்தது ஐப்பசியில், மழை விட்ட ஒரு மத்தியானம். அரை மணியில் மேலே வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் இருந்தால் அது அங்கேயே படிந்துவிடும். தேய்த்துவிட்டு, நல்ல வெயில் அடித்த நாளாகப் பார்த்து, மெதுவாகக் காயும் தின்னரை ஊற்றித் திரும்ப அடித்தேன். கிளியரை மட்டும் வீட்டில் அடிக்கவில்லை. அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும், முகத்தில் துணி கட்டுவதால் ஒன்றும் ஆகாது. பெயின்ட் பூத் வைத்திருக்கும் கடையில் கொடுத்து அடித்து வாங்கினேன்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. கிளியர் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று இருந்தது. டேங்கின் அடி விளிம்பில் இரண்டு சொட்டு வழிந்து உறைந்திருந்தது. அவற்றை பிளேடால் சீவி எடுத்து, ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தேன். விரலை வைத்துத் தேய்த்தால் விரல் தடமே பள்ளமாகப் பதியும். பழைய ரப்பர் செருப்பை வெட்டிப் பேப்பரை அதில் சுற்றிக்கொண்டேன். உன் செருப்புதான், பரணில் கிடந்தது. பரப்பில் பயமில்லை, முழங்கால் ரப்பர் உட்காரும் மேட்டு விளிம்பில்தான் பயம். அங்கே கிளியர் மெல்லிசாகத்தான் நிற்கும். நாலு இழுப்பு கூடினால் கருப்பும் போய் சாம்பல் எட்டிப் பார்க்கும். விளிம்புகளுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு நடுவைத் தேய்த்தேன். கடைசியில் டேப்பை எடுத்து, விளிம்பை இரண்டே இழுப்பு.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். கடிதமே அதற்குத்தான்.

தங்க நிறக் கோடு இல்லாத புல்லட் டேங்க் எனக்கு நெற்றியில் பொட்டில்லாத மாதிரி. திருவொற்றியூர் தொழிற்சாலையில் அந்தக் கோட்டைக் கையாலேயே போட்டார்கள். அளவுகோல் கிடையாது, டேப் கிடையாது, பிரஷும் மூச்சும்தான். நான் முதலில் டேப் ஒட்டித்தான் பார்த்தேன். காகித டேப் வளைவில் வளையாது, சுருக்கத்துக்குள் பெயின்ட் கசிந்தது. பிளாஸ்டிக் டேப் வளைந்தது. பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை அதன் மேலேயே மடக்கி இழுத்தால் ஓரம் சுத்தமாக வந்தது. ஆனால் பார்த்தால் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி உயிரே இல்லை. துடைத்துவிட்டேன்.

அப்புறம் வாள் மாதிரி சரிந்த, நீளமான மயிர் உள்ள பிரஷ் ஒன்று வாங்கினேன். எனாமல் விளக்கெண்ணெய்ப் பதத்தில் இருக்க வேண்டும். சுண்டுவிரலை டேங்கில் ஊன்றிக்கொண்டு, பிரஷைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். கண் பிரஷ் நுனியைப் பார்க்கக் கூடாது, அது போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் தெரிகிறது. கைதான் சொன்னபடி கேட்கவில்லை. இடது பக்கம் பதினோரு தடவை போட்டுத் துடைத்தேன். அடியில் கிளியர் காய்ந்து கெட்டியாக இருப்பதால் டர்பன்டைன் துணியால் துடைத்தால் கறுப்புக்கு ஒன்றும் ஆகாது. பன்னிரண்டாவது தடவை பரவாயில்லை. சீட்டை நெருங்கும் திருப்பத்தில் மட்டும் ஒரு நெளிவு. உட்கார்ந்தால் தொடை மறைத்துக்கொள்ளும்.

வலது பக்கம் போடப் போனபோது உன் ஞாபகம் வந்தது. மார்கழியில் அம்மா புள்ளி வைக்க, நீ இழைக் கோலத்தை எடுத்த இடத்திலிருந்து கை தூக்காமல் கொண்டுவந்து முடிப்பாயே. அப்போது அதைப் பாராட்டவில்லை, பால்காரன் மிதித்துவிடுவான் சீக்கிரம் உள்ளே வா என்றுதான் சொன்னேன். இத்தனை நாள் பிரஷ் பிடித்த பிறகு அது என்ன வேலை என்று தெரிகிறது.

அதனால் வலது பக்கத்தை விட்டு வைத்திருக்கிறேன். தேய்த்த மங்கலாகவே இருக்கிறது, அதில்தான் கோடு நன்றாகப் பிடிக்கும். பிரஷை அலசி எண்ணெய் தடவி, மயிர் வளையாமல் படுக்க வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது போடு. எத்தனை தடவை வேண்டுமானாலும் துடைக்கலாம். கோடு காய ஒரு வாரம் விட்டு, அதன் மேல் இன்னொரு தடவை கிளியர் அடிக்கும்போது முதல் பூச்சை லேசாக அடிக்கச் சொல்ல வேண்டும், எடுத்த எடுப்பில் தடிமனாக அடித்தால் கோடு சுருங்கிவிடும். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் கோடு என் கோட்டைவிட நன்றாக வந்துவிட்டால் இடது பக்கத்தையும் துடைத்துவிடலாம்.

பழைய சுடிதார் ஒன்று எடுத்து வா. டர்பன்டைன் நாற்றம் லேசில் போகாது. வாசல் கோலமும் உன் பொறுப்புதானாம், அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா