டோவர் கோட்டைக்கு ஒரு முழு நாள் தாருங்கள்: எங்கள் தமிழ்ப் பாடசாலை நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த கோடைச் சுற்றுலாவின்போது இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள டோவர் கோட்டையில் நடந்ததை நான் உங்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அதே பேருந்தில்தான் வந்தீர்கள். அதன் பிறகு நடந்த பெற்றோர் கூட்டங்களில் இரண்டு தடவை இதைப் பற்றிப் பேசினேன். இரண்டு தடவையும் "பிறகு பார்ப்போம்" என்ற பதிலே கிடைத்தது. இப்போது அடுத்த ஆண்டுச் சுற்றுலாவின் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்திருக்கிறது. அதிலும் "டோவர் கோட்டை: 1 மணி நேரம்" என்றே இருப்பதைக் கண்ட பின்னர்தான், எல்லோரும் படிக்கும்படியாக இந்த மடலை எழுதத் துணிந்தேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று: டோவர் கோட்டைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

அன்று பேருந்து கோட்டை வாசலை அடைந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. ஒரு மணிக்கு எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்று அறிவித்தீர்கள். நுழைவுச் சீட்டு வரிசை, கழிப்பறை வரிசை, குழுப் படம் எல்லாம் போக எங்களுக்கு மிஞ்சியது அரை மணி நேரம். அன்று பிற்பகல் ஒரு கடைத்தொகுதியில் மூன்றரை மணி நேரம் செலவிட்டோம்.

என் மகளுக்குப் பத்து வயது. சுற்றுலாவுக்கு மூன்று வாரங்கள் முன்பே நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து, கோட்டையின் வடக்கு வாசலைத் தன் கொப்பியில் வரைந்து வைத்திருந்தாள். இரண்டு கோபுரங்கள், ஒன்றின் அடியில் நிலத்துக்குள் வளைந்து போகும் ஒரு குழி, குழிக்குள் மண்வெட்டியோடு குச்சி மனிதர்கள். 1216-இல் பிரெஞ்சு இளவரசன் லூயி இந்தக் கோட்டையை முற்றுகையிட்டபோது நிகழ்ந்தது அது. அவனுடைய ஆட்கள் வடக்கு வாசலின் அடியில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து சென்று, வாசல் கோபுரங்களில் ஒன்றைச் சரியச் செய்தார்கள். கோட்டையைக் காத்து நின்ற ஹியூபர்ட் டி பர்க்கின் வீரர்கள் அந்த உடைப்பை மரங்களைப் போட்டு அடைத்து எதிரியைத் தடுத்தார்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் இங்கிலாந்து மன்னன் ஜோன் இறந்து, அவனுடைய ஒன்பது வயது மகன் அரியணை ஏறிய பின்னரும் ஹியூபர்ட் கோட்டையைக் கைவிடவில்லை. "அந்த ராஜாவுக்கு என்னைவிட ஒரு வயசு குறைவு அம்மா" என்று மகள் பேருந்தில் எத்தனை பேரிடம் சொன்னாள் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

முற்றுகைக்குப் பிறகு அந்த வடக்கு வாசலை நிரந்தரமாக அடைத்துவிட்டு, மேற்குப் பக்கத்தில் கொன்ஸ்டபிள் வாசலை எழுப்பினார்கள். வடக்கே அகழிக்குள் ஒரு புதிய கோபுரம் கட்டி, அதைக் கோட்டையோடு நிலத்தடிப் பாதைகளால் இணைத்தார்கள். எதிரி நிலத்தைக் குடைந்து வந்த அதே பக்கத்தில், காப்பவர்களும் நிலத்துக்கடியில் வழி செய்துகொண்டார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பாதைகளில் இன்றும் இறங்கி நடக்கலாம். மகள் பார்க்க வந்தது அதைத்தான். நாங்கள் இருவரும் அந்தப் படிக்கட்டின் தலைப்பில் நின்றபோது என் கைபேசி அதிர்ந்தது. "எல்லோரும் உடனடியாகப் பேருந்துக்கு வரவும், தாமதிப்பவர்களுக்காகக் காத்திருக்க முடியாது" என்று வாட்ஸ்அப் குழுவில் உங்கள் செய்தி வந்திருந்தது. அவள் ஒரு படி இறங்கி, சுவரில் கை வைத்து, கீழே எட்டிப் பார்த்தாள். "அஞ்சு நிமிஷம் அம்மா" என்றாள். நான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பேருந்தில் அவள் அழவில்லை; கொப்பியைப் பைக்குள் வைத்துச் சிப்பை மூடிவிட்டு, வீடு வரும் வரை யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை அன்று இழுத்துக்கொண்டு வந்ததற்காக நான் இன்னும் வருந்துகிறேன். அந்த வருத்தத்தில் உங்களுக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். எங்கள் மூத்த வகுப்புகளில் புறத்திணை கற்பிக்கிறோம். மதிலை முற்றுகையிடுவது உழிஞை, மதிலைக் காத்து நிற்பது நொச்சி என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்புவிக்கிறார்கள். உழிஞையும் நொச்சியும் ஒரே இடத்தில் மோதிய தடம் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் மண்ணில் பதிந்து கிடக்கிறது. ஒரு தமிழ் ஆசிரியர் அந்த அகழியின் விளிம்பில் நின்று, எயில் (மதில்), ஞாயில் (மதிலின் உறுப்பு), கிடங்கு (அகழி), அகமதில், புறமதில் என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினால் அந்தச் சொற்கள் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுவதும் மறக்காது. இதைவிட நல்ல வகுப்பறை எங்கே கிடைக்கும்?

பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுத்த தமிழ்க் குறிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இக்கோட்டையை எட்டாம் ஹென்றி கட்டினார்" என்று அதில் அச்சாகியிருந்தது. நடுவே நிற்கும் பெருங்கோபுரத்தையும் அதைச் சுற்றிய அகமதிலையும் கட்டுவித்தவர் இரண்டாம் ஹென்றி, காலம் 1180கள். எட்டாம் ஹென்றி பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகள் முந்திய வேலை அது. இதை வெறும் அச்சுப் பிழை என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் கோட்டை ஏன் அங்கே நிற்கிறது என்ற கதையே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. 1170-இல் பேராயர் தாமஸ் பெக்கெட், இரண்டாம் ஹென்றியின் வீரர்களால் கன்டர்பரித் தேவாலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். அவருடைய கல்லறைக்கு ஐரோப்பா எங்குமிருந்து யாத்திரிகர்கள் வரத் தொடங்கினார்கள். 1179-இல் பிரான்சு மன்னர் ஏழாம் லூயியே டோவரில் வந்து இறங்கினார். அப்படிப்பட்ட விருந்தினரை வரவேற்கத் தகுந்த மாளிகை கரையில் இல்லாத குறையைத் தீர்க்கவும்தான் ஹென்றி இந்தக் கோபுரத்தை எழுப்பினார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கோபுரத்தின் முன்கட்டில், தன்னால் மாண்ட அதே பெக்கெட்டின் பெயரில் ஒரு சிறு வழிபாட்டறை இருக்கிறது. பிரான்சின் கான் நகரிலிருந்து கடல் கடந்து வந்த கல்லில் செதுக்கிய வளைவுகளை அதில் பார்க்கலாம். நாங்கள் அதன் வாசலைக் கடந்து ஓடினோம்.

பெருங்கோபுரத்தைக் கட்டிய பொறியாளரின் பெயர்கூட அரச கணக்கேடுகளில் மொரிஸ் என்று பதிவாகியிருக்கிறது. பக்கத்துக்கு ஏறக்குறைய 30 மீற்றர் அகலம், 25 மீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரம், சில இடங்களில் 6 மீற்றருக்கும் மேற்பட்ட சுவர்த் தடிப்பு. சுவரின் தடிப்புக்குள்ளேயே அறைகளும் படிக்கட்டுகளும் அடங்கியிருக்கின்றன. கோபுரத்தின் கிணற்று வாய் தரையில் இல்லை, மேல் மாடியில் இருக்கிறது. அங்கிருந்து சுண்ணாம்புப் பாறைக்குள் 100 மீற்றருக்கும் அதிக ஆழம் இறங்குகிறது. இறைத்த நீரை ஈயக் குழாய்கள் வழியே மற்ற அறைகளுக்குக் கொண்டுபோனார்கள். எதிரி கீழ்த்தளத்துக்குள் புகுந்தாலும் தண்ணீர் காப்பவர்களின் கையில்தான் இருக்கும். மகள் ஒரு யன்னல் மாடத்துக்குள் புகுந்து சுவரின் தடிப்பைக் காலடியால் அளக்கத் தொடங்கினாள். அளந்து முடிக்கவும் நேரம் இருக்கவில்லை.

கோபுரத்துக்கு வெளியே நீங்கள் காட்டாமல் விட்டவை இன்னும் ஏராளம். குன்றின் உச்சியில் உரோமர் இரண்டாம் நூற்றாண்டில் கட்டிய எண்கோணக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதை ஒட்டியே சாக்சன் காலத்துத் தேவாலயம். உரோமரின் மெல்லிய செங்கற்களை எடுத்து அதன் சுவர்களில் வைத்துக் கட்டியிருப்பது கண்ணுக்கு நேரே தெரியும். வெண்பாறைக்கு உள்ளே, நெப்போலியன் காலத்தில் படைவீரர் தங்குவதற்குத் தோண்டிய சுரங்கங்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில், 1940 மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் பிரான்சின் டன்கேர்க்கிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்ட வீரர்களை மீட்ட நடவடிக்கையைக் கடற்படைத் தளபதி ராம்சே அங்கிருந்துதான் நடத்தினார். அந்தச் சுரங்கங்களுக்கே தனியாக அரை நாள் வேண்டும்.

எங்களில் பலர் யாழ்ப்பாணக் கோட்டையின் நிழலில் வளர்ந்தவர்கள். என் தகப்பனார் அதன் அகழிக் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு முற்றவெளியில் பந்தாடியவர். 1658-இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்திக் கட்டிய அந்த ஐங்கோணக் கோட்டையின் மதில்கள் ஏன் தாழ்வாகவும் தடிப்பாகவும் சாய்வாகவும் இருந்தன? டோவரின் மதில்கள் ஏன் நிமிர்ந்து உயர்ந்தன? ஏணிக்கும் கவணுக்கும் எதிராகக் கட்டியது ஒன்று. பீரங்கிக்கு எதிராகக் கட்டியது மற்றது. பீரங்கிக் காலம் வந்தபோது டோவரும் மாறியது. பழைய புறமதில் கோபுரங்கள் பலவற்றை உயரம் குறைத்து வெட்டினார்கள். பெருங்கோபுரத்தின் உச்சி பீரங்கிகளைத் தாங்குவதற்காகக் கூரைக்குக் கீழே செங்கல் வளைவுகளைக் கட்டினார்கள். ஊரில் உடைந்து கிடந்த கோட்டையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்தும் வார்த்தை வராத பெற்றோருக்கு, அந்த மதிலடி பேச்சைத் தொடங்குவதற்கு ஓர் இடம். அந்த இடத்தில் எங்களை நிற்க விடவில்லை நீங்கள்.

"பழைய கல்லையும் சுவரையும் பிள்ளைகள் எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நம் ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரின் உரையைப் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் அசையாமல் கேட்க வேண்டியிருக்கிறது. பொன்னாடைகள் போர்த்தி முடியும் வரை எட்டு வயதுப் பிள்ளைகள் நாட்டிய உடையில் மேடையின் பின்னால் பசியோடு காத்திருக்கிறார்கள். அங்கே பிள்ளைகளின் பொறுமையை யாரும் அளப்பதில்லை. வரலாறு நம் மொழிக்கு முக்கியம் என்று மேடையில் பேசுகிறோம். பிள்ளை ஒன்று தானாகவே வரலாற்றைத் தேடிப் போகும்போது கடைத்தொகுதிக்கு நேரமாகிறது என்று திரும்ப அழைக்கிறோம். இந்த முரண்பாடு என்னைப் பல நாட்கள் தூங்க விடவில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு குரல் சற்று உயர்ந்துவிட்டதை உணர்கிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். வாரம் தவறாமல் ஊதியமின்றி நீங்கள் செய்யும் பணியை நான் மதிக்கிறேன். பேருந்து பிடிப்பதும், பணம் சேர்ப்பதும், பிள்ளைகளை எண்ணி எண்ணி ஏற்றி இறக்குவதும் எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வெறும் குறை சொல்வதோடு நிற்காமல் பணிவாகக் கேட்கிறேன்: அடுத்த ஆண்டு டோவர் கோட்டைக்கு ஒரு முழு நாள் தாருங்கள். கடைத்தொகுதியை அந்த நாளில் சேர்க்காதீர்கள். காலையில் குறித்த நேரத்தில் புறப்படுங்கள். தமிழ்க் குறிப்பை நான் எழுதித் தருகிறேன். அச்சுக்குப் போகும் முன் ஆசிரியர்கள் இருவர் அதைச் சரிபார்க்கட்டும். நடக்கச் சிரமப்படும் தாத்தா பாட்டிமாருடன் கலங்கரை விளக்கத்தின் அருகே அமர்ந்திருக்கவும், சிறு பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து அழைத்துப் போகவும் நான்கு பெற்றோர் ஏற்கெனவே முன்வந்திருக்கிறார்கள்.

நிகழ்ச்சி நிரலை இறுதி செய்யும் கூட்டத்துக்கு முன்பாக, உங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மகள் அந்தக் கொப்பியை இன்னும் எடுத்து வைத்திருக்கிறாள். வடக்கு வாசலுக்குப் பக்கத்தில், நிலத்தடிப் பாதையை வரைவதற்காக அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் தாய்