நூலகத் தரத்தை எதை வைத்து அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நூலகங்களுக்கான தரச் சான்றிதழ் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஐ.எஸ்.ஓ. 9001 என்ற சர்வதேசத் தர மேலாண்மைத் தரநிலைக்கான சான்றிதழை வாங்கிவிட்டால் நூலகம் தரமானதாகிவிடும் என்ற எண்ணத்தை அது தந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

அந்தத் தரநிலை எல்லா வகை நிறுவனங்களுக்கும் பொதுவானது. வேலையை முறையாக வகுத்திருக்கிறீர்களா, அதன்படி நடக்கிறதா, பிழை நேர்ந்தால் காரணத்தைக் கண்டு திருத்துகிறீர்களா என்றுதான் அது பார்க்கும். அதுவும் தேவைதான். ஒரு புத்தகத்தை வாங்கச் சொல்லி வாசகர் எழுதிக் கொடுத்த நாள் முதல் அது அலமாரிக்கு வரும்வரை எந்த மேசையில் எத்தனை நாள் தேங்குகிறது என்பது அப்போதுதான் வெளியே வரும். ஆனால் நடைமுறையில் கோப்பு சேர்ப்பதே பெரிய வேலையாகிவிடுகிறது. இத்தனைக்கும் அந்தத் தரநிலையின் 2015 பதிப்பில், தர நடைமுறைகளைத் தொகுத்து எழுதும் தரக் கையேடுகூடக் கட்டாயமில்லை.

நூலகங்களின் செயல்பாட்டை அளப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 11620 என்ற தனித் தரநிலை இருக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாசகர் கேட்கும் நூல் கிடைக்கிறதா, நூல்கள் உரிய இடத்தில் அடுக்கப்பட்டுள்ளனவா, யாருமே எடுக்காத நூல்கள் எத்தனை சதவீதம் என்றெல்லாம் அளக்க அதில் வழி உண்டு. பட்டியலில் 'உள்ளது' என்று காட்டும் நூல்களில் நூறை எடுத்து, அலமாரியில் தேடிப் பாருங்கள். கிடைக்காதவை ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் முக்கியம். சில இடம் மாறி அடுக்கப்பட்டிருக்கும். சில பைண்டிங்குக்குப் போயிருக்கும், பட்டியலில் யாரும் குறித்திருக்க மாட்டார்கள். சில திரும்பி வந்தும் அடுக்க ஆளில்லாமல் வண்டியிலேயே கிடக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்பது இந்திய நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று. அதை அளந்து பார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், கருத்துப் படிவங்கள். 'சேவை திருப்தியா?' என்று கேட்டால் பெரும்பாலோர் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போவார்கள். லிப்குவால் என்ற ஆய்வுமுறையில் குறைந்தபட்சம் எதிர்பார்ப்பது, விரும்புவது, உண்மையில் கிடைப்பது என மூன்றையும் தனித்தனியே மதிப்பிடச் சொல்வார்கள். இடைவெளி எங்கே என்று அதில் தெரியும். அப்போதும் புத்தகம் கிடைக்காமல் திரும்பிப் போனவர் படிவம் நிரப்ப நிற்பதில்லை. அதனால் கேட்டுக் கிடைக்காத நூல்களுக்கு ஒரு பதிவேடு வைத்து, புத்தகக் கொள்முதல் கூட்டத்தில் முதலில் அதைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

இந்த அளவீடுகளைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நூலகர்