ஆள் இருக்கும் கல்லா ஒன்றாவது வேண்டும்

மதிப்புக்குரிய அங்காடி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கல்லாக்களில் இருந்த ஆட்களை எடுத்துவிட்டு, வாடிக்கையாளரே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களை நிறுத்தியிருக்கிறீர்கள். காலை வேளையில் உங்களிடம் வருவோரில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பது நீங்கள் அறியாததல்ல.

சென்ற வாரம் எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றார். திரையைத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. பலமாக அழுத்தினார்; அப்போதும் இல்லை. முதுமையில் விரல் நுனி வறண்டுபோகும். தோலின் மின்கடத்தும் தன்மையை வைத்து இயங்கும் தொடுதிரைக்கு வறண்ட விரல் எளிதில் தெரியாது, அழுத்தியும் பயனில்லை. அவர் தடுமாறுவதற்குள் திரை மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. பின்னால் யாரோ சலித்துக்கொண்டார். உதவட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், நீங்கள் போங்கள்" என்று சொல்லிவிட்டு, கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியேறினார். வேண்டியதையெல்லாம் தானே தேடி எடுத்தவர், பணமும் கையில் வைத்திருந்தவர், அத்தனை பேர் முன்னிலையில் இயலாதவராக ஆக்கப்பட்டார். உங்கள் பணியாளரைக் குறை சொல்லமாட்டேன். அத்தனை இயந்திரங்களுக்கும் அவர் ஒருவர்தான்.

நான் கேட்பது இதுதான்: கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஆள் இருந்து பில் போடும் கல்லா ஒன்றாவது இயங்க வேண்டும். பக்கத்தில் ஒரு நாற்காலியும் வேண்டும்.

இது செய்ய முடியாத காரியமல்ல. நெதர்லாந்தில் ஜம்போ என்ற பேரங்காடி, அவசரமில்லாமல் பேசியபடி பணம் செலுத்த விரும்புவோருக்காக 2019இல் தனிக் கல்லா திறந்தது. தனிமையில் வாடுவோரை மனத்தில் வைத்துத் தொடங்கிய அந்த ஏற்பாட்டைப் பிறகு பல கிளைகளுக்கும் கொண்டுசென்றது.

வங்கியில், டிக்கெட் கவுண்ட்டரில், மருத்துவமனை முன்பதிவில் என்று எங்கே போனாலும் மனிதர் இருந்த இடத்தில் திரை இருக்கிறது. காலம் மாறுகிறது என்கிறார்கள். மாறட்டும். அந்த மாற்றத்தின் பாரத்தை எழுபது வயதைக் கடந்தவர்கள் தலையில்தான் ஏற்ற வேண்டுமா? அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் எழுத்தை வடிவமைத்தவர்கள் இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

கோபத்தில் சொல் மிஞ்சியிருந்தால் பொறுத்தருளுங்கள். இயந்திரங்களை எடுக்கச் சொல்லவில்லை. வேண்டுவோருக்கு அவை இருக்கட்டும். ஆள் இருக்கும் கல்லா ஒன்றைத் திரும்பத் தாருங்கள். எந்தத் தேதியிலிருந்து என்பதை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்