கோண்டாவில் ஒழுங்கைச் சனத்துக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கு,

கனடாவில், சுவிசில், பாரிசில், வவுனியாவில், இன்னும் யாழ்ப்பாணத்தில் அதே கோண்டாவில் வளவுகளில் என்று இப்போது பிரிந்து இருக்கிறீர்கள். ஆளாளுக்குத் தனித்தனியே எழுத என்னிடம் முகவரி இல்லை. அதனால் எல்லாரும் பார்க்கும்படி இதை எழுதுகிறேன். 1990 ஆனியில் சண்டை தொடங்கி மின்சாரம் நின்றதிலிருந்து, 1995 ஐப்பசியில் ஊரோடு வெளிக்கிட்ட இரவு வரை, பெரியவர்களாக நீங்கள் செய்த காரியங்களுக்கு, அப்போது சின்னப்பிள்ளையாக இருந்த ஒருத்தி சொல்லும் நன்றி இது.

எழுதத் தூண்டியது 2022, நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த வருசம். அந்தப் பங்குனிக் கடைசியில் கொழும்பில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சையே பிற்போனது. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் லிப்டும் நின்றது, தண்ணீர் மோட்டாரும் நின்றது. என் பிள்ளைகள் இரண்டும் போன் சார்ஜ் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். நான் குசினிக்குள் போய் வெறும் ஜாம் போத்தல் ஒன்றைத் தேடி எடுத்தேன். அதைக் கழுவித் துடைக்கும்போதே உங்கள் எல்லாருடைய முகமும் வந்துவிட்டது.

முதலில் ஆச்சி. ஒழுங்கை முடக்கில் பூவரசம் வேலிக்குப் பின்னால் இருந்த ஆச்சி. மண்ணெண்ணெய், குடாநாட்டுக்குள் வரவிடாமல் அரசாங்கம் தடுத்த பொருட்களின் பட்டியலில், மெழுகுதிரியும் இல்லை. லாம்பு கொழுத்தினால் ஒரு கிழமை எண்ணெய் ஒரே இரவில் போய்விடும். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் விட்டு, சின்னக் குழாய்க்குள்ளால் நூல்திரியை இழுத்து நிறுத்தச் சொல்லித் தந்தது ஆச்சிதான். சுடர் போத்தலுக்கு உள்ளேயே நிற்பதால் காற்று வந்தாலும் அணையாது. அந்தச் சொட்டு எண்ணெயில் கணக்கும் படிக்கலாம், சமயமும் படிக்கலாம். ஒரு போத்தலைச் சுற்றி நான்கு வீட்டுப் பிள்ளைகள் தலையை முட்டிக்கொண்டு இருந்து படித்தோம். விடிய எழும்பினால் எல்லாருடைய மூக்குக்குள்ளும் கரி. காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும்போது, இரவு படித்தது ஆர், நித்திரை கொண்டது ஆர் என்று மாஸ்ரர் மூக்கைப் பார்த்தே சொல்லுவார். எங்கள் வகுப்புப் பெடியன் ஒருவன் அதற்கும் வழி கண்டுபிடித்தான். போத்தல் கரியை விரலில் தொட்டு மூக்கில் பூசிக்கொண்டு வந்தான். அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பூசியதால் பிடிபட்டான். மாஸ்ரருக்கு வந்த சிரிப்பில் அடிக்கத் தூக்கிய பிரம்பு அப்படியே நின்றது. மாஸ்ரர், அந்தச் சிரிப்புக்கும் நன்றி. வெளியே ஷெல் சத்தம் கேட்ட காலத்தில், ஒரு வகுப்பு முழுவதும் வயிறு நோகச் சிரித்த காலையை நீங்கள் எங்களுக்குத் தந்தீர்கள்.

அடுத்தது சைக்கிள்கடை அண்ணை. உங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் மடல் இதோடு முடியாது.

பற்றரி கிடையாத காலம். இருந்த பற்றரியை வெயிலில் காயவைத்தோம், ஆணியால் ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் விட்டோம். அதுவும் செத்த பிறகு றேடியோ அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. அண்ணை உங்கள் கடைச் சைக்கிளை முற்றத்தில் ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லை நிலத்தில் படாமல் தூக்கி நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு சாத்தி, அதிலிருந்து வயர் இழுத்து, நடுவில் டயோட் போட்டு றேடியோவுக்குக் கொடுத்தீர்கள். ஒருவர் ஏறி இருந்து உழக்க வேண்டும். உழக்கினால் பிபிசி தமிழோசை. உழக்கினால் வெரித்தாஸ் வானொலி. உழக்கை நிறுத்தினால் வாசிப்பவரின் குரல் தேய்ந்து தேய்ந்து கிணற்றுக்குள் போய்விடும். உடனே முற்றத்தில் இருக்கிற பெரிய ஆக்கள் எல்லாரும் ஒரே குரலில், "உழக்கு பிள்ளை, உழக்கு! நிப்பாட்டாதை!"

ஒருநாள் செய்தியில் "இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில்" என்று தொடங்கியதும் செயின் கழன்றது. அண்ணை ஓடிவந்து கையெல்லாம் கிறீசாக்கி மாட்டி முடிக்கும்போது விளையாட்டுச் செய்தி போய்க்கொண்டிருந்தது. அந்த அரைவசனத்தை வைத்துக்கொண்டு விதானையார் ஒன்று சொன்னார், சங்கக்கடை மனேச்சர் வேறொன்று சொன்னார், என் அப்பா மூன்றாவதாக ஒன்று சொன்னார். பாதை திறக்கப் போகிறது, சீமெந்து வரப்போகிறது, ஒன்றும் வராது. விடியும்வரை வழக்கு. அடுத்தநாள் உதயன் பேப்பர் வந்தபோது மூன்று பேருடையதும் பிழை. தாள் தட்டுப்பாட்டில் பக்கம் குறைந்து, கிடைத்த நிறத் தாளில் அச்சாகி வந்த அந்தப் பேப்பரையும் ஒழுங்கை முழுக்கக் கைமாறி வாசித்தோம். 2022இல் தாள் இல்லையென்று இங்கே பத்திரிகைகள் தடுமாறியபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

1992 மார்ச் 25ஐயும் எழுதாமல் விட மனம் வரவில்லை. உலகக்கிண்ணக் கடைசி ஆட்டம், மெல்பேணில் பாகிஸ்தானும் இங்கிலாந்தும். செய்திக்கு உழக்குகிறவனுக்குத்தான் மாட்ச் கேட்க இடம் என்று அண்ணை நீங்கள் போட்ட ஒப்பந்தப்படி, ஒரு கிழமையாக உழக்கிச் சேர்த்த உரிமையோடு பெடியள் வந்து முற்றத்தை நிறைத்திருந்தார்கள். எனக்கும் ஒரு முறை கிடைத்தது. பொம்பிளைப்பிள்ளை சைக்கிளில் ஏறி முற்றத்தில் உழக்குவதா என்று ஒருவர் முணுமுணுக்க, "அவள்தான் ஒரே சீராய் உழக்கிறாள், சும்மா இருங்கோ" என்று சொன்னீர்கள். அந்த ஒரு வசனத்தை நான் முப்பது வருசத்துக்கு மேலாக வைத்திருக்கிறேன். வசீம் அக்ரம் அலன் லாம்பின் விக்கெட்டை எடுத்தபோது முற்றமே துள்ளியது. உழக்கிக்கொண்டிருந்தவனும் சேர்ந்து துள்ளினான். றேடியோ நின்றுபோனது. அடுத்த பந்திலேயே லூயிஸ் விழுந்ததை எங்கள் ஒழுங்கை கேட்கவேயில்லை. திரும்ப உழக்கிச் சத்தம் வந்தபோது எண்ணிக்கையில் ஒரு விக்கெட் கூட இருந்தது, அது எப்படி வந்தது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசி ஓவர்களில் பெடியளின் கால் எல்லாம் ஓய்ந்துவிட, கிரிக்கெட்டில் ஒரு விருப்பமும் இல்லாத நீங்களே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உழக்கினீர்கள். பாகிஸ்தான் வென்றதை எங்களுக்குக் கேட்க வைத்தது உங்கள் கால்கள், அண்ணை.

பக்கத்து வளவு மாமிக்கு இனி.

சவர்க்காரமும் தடை. பனம்பழக் காலம் வந்தால் பழத்தைப் பிழிந்து அந்தக் களியை உடுப்பில் தேய்த்து, கிணற்றடியில் கும்மி, அலசிக் காயப்போட மாமி எங்கள் அம்மாவுக்குப் பழக்கினீர்கள். ஊத்தை போகும், உண்மைதான். ஆனால் எத்தனை வாளி தண்ணீர் ஊற்றி அலசினாலும் அந்த வாசம் போகாது. அது எங்களுக்கு மட்டும் வாசமில்லை என்பது மாடு வந்தபோதுதான் தெரிந்தது. கொடியில் கிடந்த என் தம்பியின் வெள்ளைச் சேட்டை உங்கள் சிவலைப் பசு ஒரு பக்கத்துக் கையிலிருந்து தொடங்கி, பொக்கற்றை முடித்து, கொலருக்கு வந்துகொண்டிருந்தது. தம்பி மறுகையைப் பிடித்து இழுக்கிறான். பசு விடவில்லை. மாமி ஓடிவந்து யாருடைய பக்கம் நிற்பது என்று தெரியாமல், "விடடா, அதின்ரை தொண்டையிலை சிக்கப்போகுது" என்று தம்பியைப் பேசினீர்கள். அன்று இரவே உங்கள் கலியாணச் சேலைகளுக்குள் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை வெட்டி, கைமெசினில் தைத்து, விடியப் பள்ளிக்கூடத்துக்குப் போக முதல் சேட்டைக் கொண்டுவந்து தந்தீர்கள். துணி கிடைக்காத காலத்தில் அது எவ்வளவு பெரிய கொடை என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. தம்பி இப்போது மெல்பேணில் இருக்கிறான். மாமியைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்தச் சேட்டு எவ்வளவு அளவாய் இருந்தது என்று இன்றைக்கும் சொல்லுவான். உடுப்புக் காயும் நாட்களில் பூவரசம் தடியோடு கொடிக்குக் கீழே கதிரை போட்டுக் காவலிருந்ததும் நீங்கள்தான். அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்துதான் நான் வாய்ப்பாடு பாடமாக்கினேன். தமிழில் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை இன்றும் உங்கள் குரலில்தான் எண்ணுகிறேன்.

மொறிஸ் மைனர் வைத்திருந்த ஐயாவுக்கும் நன்றி. காபுரேற்றருக்குள் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாய் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவைத்து, ஊரில் நடந்த கலியாணம் எல்லாவற்றுக்கும் பொம்பிளை மாப்பிளையை ஏற்றினீர்கள். ஒழுங்கை நிறையப் புகை கக்கிக்கொண்டு அது போகும்போது சின்ன ஆக்கள் நாங்கள் பின்னால் தள்ளிக்கொண்டே ஓடுவோம். என் சின்னம்மாவின் கலியாணப் படத்தில் மாப்பிளையும் சேர்ந்து காரைத் தள்ளுகிறார். ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்றால் எந்தச் சாமத்திலும் படலையைத் திறந்துகொண்டு வந்ததும் நீங்கள்தான். எங்கள் அம்மம்மா அந்தக் காரில் போய்ப் பிழைத்துத் திரும்பி வந்தா.

சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பிளேன்ரீ குடித்தோம். வந்த விருந்தாளிக்குப் பெரிய துண்டைக் கொடுத்துவிட்டு உள்ளங்கையில் ஒட்டிய தூளை நக்கிக்கொண்ட எல்லா அம்மாக்களுக்கும் நன்றி.

1995 ஒக்ரோபர் 30 இரவு. மழை. இராணுவம் முன்னேறி வர, வலிகாமச் சனம் முழுவதும் ஒரே றோட்டில். செம்மணி வெளிக்கும் நாவற்குழிப் பாலத்துக்கும் இடையில் அடி எடுத்து வைக்க இடமில்லை. எங்கள் சைக்கிள் சில்லுக் காற்றுப் போய், மேலே கட்டியிருந்த மூட்டையோடு சரிந்துவிட்டது. அந்தச் சனத்துக்குள் அண்ணை எப்படி வந்தீர்கள் என்று தெரியாது. கடையிலிருந்து நீங்கள் எடுத்து வந்தது பம்பும் ஒட்டுப்போடும் பெட்டியும்தான், உங்கள் உடுப்புப் பை கூட இல்லை. மழைக்குள் சேலைத் தலைப்பைப் பிடிக்கச் சொல்லி, அதற்குக் கீழே இருந்து ரியூப்பைத் துடைத்து ஒட்டினீர்கள். எங்களுடையதை முடித்துவிட்டு அடுத்தவருடையதற்குப் போனீர்கள். காசு கேட்கவில்லை. அப்பா நீட்டியதையும் வாங்கவில்லை. அதற்குப் பிறகு உங்களை நாங்கள் காணவில்லை. கிளிநொச்சியில் இருக்கிறீர்கள் என்று ஒருவர் சொன்னார், இந்தியாவுக்குப் போனீர்கள் என்று வேறொருவர் சொன்னார். எங்கே இருந்தாலும் அந்த ஒட்டு சாவகச்சேரி வரை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2022இல் மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான். ஜாம் போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் விட்டுக் கொழுத்திப் படிக்கட்டில் வைத்தேன். மேல்மாடியில் இருக்கும் சிங்கள அம்மா இறங்கி வந்து குனிந்து பார்த்துவிட்டு, தன் வீட்டில் இருந்த வெறும் போத்தல் எல்லாவற்றையும் எடுத்து வந்தா. அடுத்த இரவே ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று எரிந்தது. பிள்ளைகள் போனை மறந்துவிட்டுத் திரி செய்து பழகினார்கள். விடிய மகள் கண்ணாடியைப் பார்த்து, மூக்குக்குள் கரி என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்குத்தான் முதன்முதலில் உங்கள் கதை எல்லாவற்றையும் முழுதாய்ச் சொன்னேன். மாடு சேட்டுத் தின்ற இடத்தை மட்டும் தினமும் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பெற்றோலுக்கு கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறை வந்து மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றானபோது, என் கணவர் சைக்கிள் வாங்கினார். அதில் டைனமோ இல்லை.

அதனால் ஒரு உதவியும் கேட்கிறேன். அண்ணை அந்த டயோட்டுகளை எந்த முறையில் இணைத்தீர்கள் என்று உங்களில் யாருக்காவது நினைவிருந்தால் கடதாசியில் கீறி அனுப்புங்கள். மகன் பழைய டைனமோ ஒன்றைத் தேடி வாங்கிவிட்டான். றேடியோ இருக்கிறது, வயர் இருக்கிறது, உழக்க ஆளும் இருக்கிறது. அண்ணையின் இருப்பிடம் தெரிந்தவர்கள் அவருக்கே இந்த மடலை வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது. அவர் சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொள்கிறேன், கொழும்பிலிருந்து எவ்வளவு தூரமென்றாலும் வருகிறேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
ஒழுங்கையில் மூன்றாம் வளவுப் பிள்ளை,
வெள்ளவத்தை.