“காத்திருங்கோவன்” என்று சொன்ன ஐயாவுக்கும், பிரிட்டனில் வேரூன்றிவிட்ட மற்ற தமிழ் உறவுகளுக்கும்

தென் லண்டன்
2026 ஜனவரி 21

அன்புள்ள ஐயாமார், அம்மாமார், அண்ணன் அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு கோயிலில் அன்னதான வரிசையில் நின்றிருந்தேன். எந்தக் கோயில் என்பது வேண்டாம். முன்னால் நின்ற ஐயா என் பேச்சைக் கேட்டதும் திரும்பி, “தம்பி இந்தியாவோ?” என்றார். ஆமாம் ஐயா, திண்டுக்கல் பக்கம், இங்கே கேர் ஹோமில் (முதியோர் பராமரிப்பு இல்லத்தில்) வேலை என்றேன். பேச்சு எங்கெங்கோ போய், என்னைப் போன்றவர்கள் நிரந்தரமாகத் தங்க ஐந்து வருடத்துக்குப் பதில் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்கிற புது விசாத் திட்டத்தில் வந்து நின்றது. அப்போது அவர் சொன்னார்: “நாங்கள் பதினொரு வருசம் கேஸோட கிடந்து எடுத்தனாங்கள். நீங்கள் பிளேனில விசாவோட வந்து இறங்கி, அஞ்சு வருசத்தில பிஆர் வேணுமெண்டு நிக்கிறியள். கொஞ்சம் காத்திருங்கோவன்.”

அவர் சொன்ன கேஸ், அகதியாக ஏற்கக் கேட்டுப் போட்ட வழக்கு. பிஆர், நிரந்தரமாகத் தங்கும் உரிமை. கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன கையோடு, பரிமாறுகிற பிள்ளையைக் கூப்பிட்டு என் தட்டில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார். அப்படிப்பட்டவரிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை. அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். அவரைப் போல நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் கணக்கு. நான் மனைவி, மகளோடு இங்கே வந்து இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. கேர் ஒர்க்கர்கள் குடும்பத்தைக் கூட்டிவரும் வழியை 2024 மார்ச் 11-ல் அடைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர் எடுப்பதையே 2025 ஜூலை 22-ல் நிறுத்திவிட்டார்கள். ஆக, நான் கதவு சாத்துவதற்கு முன்னால் உள்ளே வந்தவன். வந்தபோது இருந்த விதி எளிது: ஸ்பான்சரிடம் (விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியிடம்) ஒழுங்காக ஐந்து வருடம் வேலை பார், வரி கட்டு, பரீட்சை எழுது, காலவரம்பின்றித் தங்கும் அனுமதிக்கு, அதாவது ஐஎல்ஆருக்கு, விண்ணப்பம் போடு. எனக்கு அது 2028 ஜனவரி.

என் மகளின் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போன தேதி, வந்த தேதி, எத்தனை நாள். ஐஎல்ஆர் வேண்டுமென்றால் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்துவிடக் கூடாது என்ற பயத்தில் வந்த முதல் வாரமே போட்ட கட்டம். மூன்று வருடத்தில் அதில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்: அப்பா காரியத்துக்குப் போன 16 நாள். “முப்பது கும்பிட்டுட்டுப் போண்ணே” என்று தங்கை கெஞ்சினாள். லீவு இல்லை. விமானம் ஏறிவிட்டேன்.

பிரிட்டனின் வரலாறும் வாழ்க்கையும் பற்றிய ‘லைஃப் இன் த யுகே’ பரீட்சையையும் முன்கூட்டியே எழுதி முடித்துவிட்டேன். 50 பவுண்ட் கட்டணம், 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருக்க வேண்டும். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிமார் பெயரும் வரிசை மாறாமல் சொல்வேன். என் சித்தப்பா பிள்ளைகள் பெயரில்தான் தடுமாற்றம்.

போன நவம்பர் 20-ஆம் தேதி உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் நாடாளுமன்றத்தில் எழுந்து, நிரந்தரக் குடியிருப்பு யாருக்கும் உரிமை கிடையாது, சம்பாதித்துப் பெற வேண்டிய ஒன்று என்றார். பொதுவாக 10 வருடம். பட்டப்படிப்புத் தகுதிக்குக் கீழான வேலையில் வந்தவர்களுக்கு 15. கேர் ஒர்க்கர் அந்தக் கடைசி வரிசையில் வருகிறான். இன்னும் ஐஎல்ஆர் வாங்காமல் ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்கும் இதே அளவுகோல் என்பதுதான் திட்டம். எங்களுக்கு ஏதாவது இடைக்கால விலக்கு கொடுக்கலாமா என்பதை மட்டும் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள்.

2028 என்பது 2038 ஆகிறது. மகளுக்கு இப்போது 14 வயது.

அதே திட்டத்தில் ஆண்டுக்கு 1,25,140 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு ஏழு வருடம் கழித்துக்கொள்கிறார்கள். அவர் மூன்றே வருடத்தில் நிரந்தரம். என் விசாவுக்கு விதித்த குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.82 பவுண்ட், ஆண்டுக்கு 25,000. தன்னார்வத் தொண்டு செய்தாலும் வருடம் குறையுமாம். ராத்திரி மூன்று மணிக்கு எண்பத்தொன்பது வயதுப் பாட்டியைப் படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது தொண்டில் சேராது, அதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாத்திரம் கழுவினால் சேரக்கூடும். இந்தக் கணக்கை யார் போட்டார்களோ!

ஐயா, இனி உங்கள் பதினொரு வருடம்.

அதன் அருமை தெரியாமல் நான் பேசவில்லை. காமன்வெல்த் நாடுகளில் முதன்முதலாக இலங்கைக்காரர்களுக்குத்தான் 1985-ல் விசாக் கட்டாயம் போட்டார்கள், இங்கே தமிழர்கள் வருகிறார்கள் என்பதற்காகவே. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் 58 தமிழர்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, அவர்கள் எதிர்ப்புக் காட்டி உடுப்பைக் கழற்றிப்போட்டு உள்ளாடையோடு விமானத் தளத்தில் நின்றார்கள். அதே வருடம் ஹார்விச் துறைமுகத்தில் ‘ஏர்ல் வில்லியம்’ என்ற கப்பலில் நம் ஆட்களை அடைத்துவைத்தார்கள். அக்டோபர் புயலில் அந்தக் கப்பல் கட்டை அறுத்துக்கொண்டு போய்த் தரை தட்டியது. நீங்கள் போட்ட வழியில்தான் நாங்கள் டிராலி பேக்கை உருட்டிக்கொண்டு வந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லாமல், நாளை யார் கதவைத் தட்டுவார்கள் என்று தெரியாமல் கிடந்த வருடங்களோடு என் மூன்று வருடத்தை ஒப்பிட்டால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனாலும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீங்கள் காத்திருந்தது ஒரு முடிவுக்காக. 1998-லிருந்து 2005 வரை, அகதி என்று ஏற்றுக்கொண்ட அன்றே நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் கையில் கொடுத்தார்கள். 2005-க்குப் பிறகு அது ஐந்து வருடம் ஆனது. இப்போது நவம்பரில் வந்த இன்னொரு அறிவிப்பில், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவரின் நிலையை இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வோம், நிரந்தரம் 20 வருடம் கழித்துத்தான் என்கிறார்கள். உங்கள் அக்கா மகன் இன்று வந்து இறங்கினால் அவனுக்கும் இதுதான் கதி. “காத்திருங்கோவன்” என்ற வார்த்தை என்னோடு நிற்காது, ஐயா.

விதி வகுக்க அரசுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. நாளை வருகிறவனுக்கு 15 என்றாலும் 20 என்றாலும் முதலிலேயே சொல்லட்டும், வருவதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்துகொள்வான். 15 வருடம் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். ஊர்ப் பக்கம் இருந்த வீட்டடி மனையை விற்று ஏஜெண்டுக்குப் பணம் கட்டியிருக்கவும் மாட்டேன். (ஸ்பான்சர் சான்றிதழை இப்படிக் காசுக்கு விற்பது குற்றம் என்பது இங்கே வந்தபின்தான் எனக்குத் தெரிந்தது. விற்றவர்களில் தமிழரும் உண்டு.) பாதி ஆட்டத்தில் எல்லைக் கோட்டைத் தள்ளி வைப்பது நியாயமா என்றுதான் கேட்கிறேன்.

இது முன்பும் நடந்தது. உங்களில் சிலருக்கே நடந்தது. 2002-ல் தொடங்கிய எச்எஸ்எம்பி என்ற உயர்திறன் தொழிலாளர் விசாவில் வந்த நம்மூர் ஐடிக்காரர்களுக்கு நான்கு வருடத்தில் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். 2006 ஏப்ரலில் அதை ஐந்தாக்கி, ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் மேலும் சுமத்தினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சங்கம் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். பழைய விதியை நம்பி வந்தவர்களுக்குப் பழைய விதிதான் என்று 2009 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு வருடத்துக்காக அன்று அத்தனை போராட்டம். அன்று கையெழுத்து வேட்டைக்கு அலைந்த அண்ணன்மார் இன்று பெரிய வீட்டில் இருக்கிறீர்கள், நன்றாக இருங்கள். எங்களுக்குக் கூடுவது பத்து வருடம்.

இன்னொன்று. காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறீர்கள் போல. என் முதல் முதலாளியின் ஸ்பான்சர் லைசென்ஸ், அதாவது வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுக்கும் அனுமதி, பறிபோனது. 2022 ஜூலையிலிருந்து 2024 டிசம்பர் வரை கேர் துறையில் மட்டும் 470-க்கு மேற்பட்ட லைசென்ஸ்கள் ரத்தாகின, 39,000-க்கும் அதிகமான தொழிலாளர்கள் அதில் சிக்கினார்கள். உள்துறையான ஹோம் ஆபீஸிலிருந்து வந்த கடிதம் 60 நாள் கொடுத்தது: வேறு ஸ்பான்சர் தேடு, இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ. நான் 51-ஆவது நாள் வேலை பிடித்தேன். அந்த 51 நாளில் என் மனைவி ஸ்கூல் கேன்டீனில் வாங்கிய பகுதி நேரச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. புதுத் திட்டப்படி அவளுக்கும் தனிக் கணக்கு என்கிறார்கள். ஆண்டுக்கு 12,570 பவுண்டுக்கு மேல் சில வருடம் சம்பாதித்திருக்க வேண்டும். கேன்டீனில் அவளுக்கு அவ்வளவு வராது.

அதற்குப் பிறகு நான் எந்த ஷிப்டுக்கும் முடியாது என்று சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரோட்டாவை (வேலை நேரப் பட்டியலை) மாற்றி, தொடர்ந்து ஆறாவது ராத்திரி என்றாலும் சரி என்பேன். மேனேஜர் எதுவும் மிரட்ட வேண்டியதில்லை. “உன் ஸ்பான்சர்ஷிப் எப்போ ரின்யூவல்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டால் போதும். ஐந்து வருடம் இப்படி வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டிவிடலாம் என்றுதான் மனக்கணக்கு போட்டிருந்தேன். பதினைந்து வருடம் ஒரு மனுஷன் அப்படி இருந்தால் பிறகு வாய் திறக்குமா என்று தெரியவில்லை.

ஏற்கெனவே ஐஎல்ஆர் வாங்கியவர்கள் மேல் கை வைக்க மாட்டோம் என்று அமைச்சர் சொல்லியிருக்கிறார். அதனால் உங்களுக்கு இது பக்கத்து வீட்டுச் சங்கதியாகத் தெரியலாம். ஆனால் போன செப்டம்பர் 22-ல் ரிஃபார்ம் யுகே கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் சொன்னதையும் கேட்டிருப்பீர்கள்: தாங்கள் ஆட்சிக்கு வந்தால் ஐஎல்ஆரையே ஒழித்துவிட்டு, ஏற்கெனவே வைத்திருப்பவர்களையும் ஐந்து வருட விசாவுக்கு விண்ணப்பிக்க வைப்போம் என்றார். இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனமில்லாமல் இருபது வருடமாக ஐஎல்ஆரோடு இருக்கும் மாமாக்கள் என்னைவிடக் கவனமாக அதைப் படிக்க வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். அரசின் கருத்துக் கேட்பு பிப்ரவரி 12, வியாழக்கிழமை முடிகிறது. அந்தப் படிவத்தை நிரப்புங்கள். ஏற்கெனவே இங்கே இருப்பவர்களை அவர்கள் வந்தபோது இருந்த விதிப்படியே நடத்துங்கள் என்று உங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதுங்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு அதையே இரண்டு பத்தி. இந்தியக் குடிமகனான எனக்கும் இங்கே ஓட்டு உண்டு, காமன்வெல்த் குடிமக்கள் என்ற கணக்கில். மே 7-ல் லண்டன் பரோ (உள்ளாட்சி) தேர்தலில் போடுவேன். வேடிக்கையைப் பாருங்கள், யார் ஆளலாம் என்று சொல்ல எனக்கு அனுமதி இருக்கிறது, நான் இருக்கலாமா என்பதுதான் தெரியவில்லை. ஆனால் ஒரு எம்.பி. அலுவலகத்தில் என் கடிதத்துக்கு இருக்கும் எடையும், முப்பது வருடமாக அதே தெருவில் கடை வைத்திருக்கும் உங்கள் கடிதத்துக்கு இருக்கும் எடையும் ஒன்றல்ல.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது, கேள்விகள் நீளம். பிப்ரவரி 1-ம் 8-ம் ஞாயிறு. எனக்கு அந்த இரண்டு நாளும் ராத்திரி டூட்டிதான். பகலில் கோயிலுக்கு வருவேன். மகள் லேப்டாப்போடு வருவாள், அவள் என்னைவிட வேகமாக டைப் அடிப்பாள். நீங்கள் தமிழில் சொன்னால் அவள் ஆங்கிலத்தில் போட்டுக் கொடுத்துவிடுவாள்.

ஐயா, அன்று கையைக் கழுவிவிட்டு வந்து உங்களைத் தேடினேன், புறப்பட்டுப் போயிருந்தீர்கள். செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
ஒரு கேர் ஒர்க்கர்